ஊர் அணி எது? ஒரு திருத்தக் குறிப்பு

2023 ஜூன் மாதம், சென்னை சூப்பர் கிங்ஸ் ஐந்தாவது முறையாக ஐபிஎல் கோப்பையை வாங்கின சூட்டோடு ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். வாதம் ரொம்ப எளிமையானது. சிஎஸ்கே சென்னையின் அணி இல்லை, சென்னையின் பெயரைப் போட்டுக்கொண்ட அணி. நிஜமான ஊர் அணி என்று ஒன்று இருந்தால் அது ரஞ்சிக் கோப்பையில் ஆடுற தமிழ்நாடு அணிதான். அதை நாம் யாரும் பார்ப்பதில்லை, அது நம்ம வெட்கக்கேடு. இவ்வளவுதான்.

படித்த நண்பர்கள் சிலர் சண்டைக்கு வந்தார்கள், சிலர் கைதட்டினார்கள். ரெண்டு வருஷம் கழித்து இப்போ அதைத் திரும்ப எடுத்துப் படித்தேன். பாதி சரி. மீதிப் பாதியில் நான் விவரம் தெரியாமல் பேசியிருக்கிறேன். அதைத் திருத்தத்தான் இது. இடைப்பட்ட காலத்தில் வீட்டிலும் சில விஷயங்கள் மாறிவிட்டன. அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது, மன்னிக்கவும்.

பழைய வாதம்

முதலில் நான் சொன்னதில் எது இன்னும் நிற்கிறது என்று பார்க்கலாம்.

2023 இறுதி ஆட்டம் அகமதாபாத்தில். மழையால் ஆட்டம் நள்ளிரவைத் தாண்டிப் போனது. கடைசி ரெண்டு பந்தில் ஜடேஜா ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர் அடித்து ஜெயிக்க வைத்தார். ஊரே ஆடியது. ஆனால் அன்றைக்கு மைதானத்தில் இருந்தவர்களிலேயே சென்னையின் தெருவிலும் லீகிலும் வளர்ந்து பெரிய ஸ்கோர் அடித்த பையன் எந்தப் பக்கம் இருந்தான்? சாய் சுதர்சன். 96 ரன். குஜராத் டைட்டன்ஸுக்காக. சிஎஸ்கேவுக்காக ஆடினவர்களில் தமிழ்நாட்டு ஆள் ஒருத்தர் கூட இல்லை.

இது ஒரு நாள் விபத்து இல்லை. சாய் கிஷோர் 2020, 2021 ரெண்டு சீசனும் மஞ்சள் சட்டையோடு வெளியில் உட்கார்ந்திருந்தார். ஒரு ஆட்டம் கூடக் கிடைக்கவில்லை. 2022ல் குஜராத்துக்குப் போனார், அந்த வருஷமே கோப்பை வாங்கின அணியில் ஆடினார். சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் ஹைதராபாத்தில் பெயர் எடுத்தார். வருண் சக்கரவர்த்தி கொல்கத்தாவில். தினேஷ் கார்த்திக் ஐபிஎல் தொடங்கின 2008லிருந்து ஓய்வு பெறும் வரைக்கும் எத்தனையோ அணிக்கு ஆடினார், சென்னைக்கு ஒரு தடவை கூட இல்லை.

இதோடு 2011ஐ வைத்துப் பாருங்கள். சேப்பாக்கத்திலேயே இறுதி ஆட்டம், எதிரே பெங்களூரு. முரளி விஜய் 95. அஸ்வின் முதல் ஓவரிலேயே கெய்லை டக் அவுட் ஆக்கினார். பத்ரிநாத்தும் அணியில். ஆரம்ப வருஷங்களில் உள்ளூர் ஆட்டக்காரர்களுக்கு ஒதுக்கீடு மாதிரி ஒரு விதியும் இருந்தது, பிறகு அது போய்விட்டது. இப்போ ஏலம்தான். ஏலத்துக்கு ஊர் கிடையாது.

இதுவரைக்கும் சரி. இதில் திருத்த ஒன்றும் இல்லை.

அப்பா சொன்ன மறுப்பு

அந்த இறுதி ஆட்டத்தை நான் அப்பாவோடு திருவல்லிக்கேணி வீட்டில் பார்த்தேன். அம்மா போய் ஏழு மாசம் ஆகியிருந்தது. நான் பெங்களூருவிலிருந்து மாசம் ரெண்டு தடவை வந்து போய்க்கொண்டிருந்த நேரம். மறுநாள் காலையில் காபி போட்டுக்கொண்டே என் வாதத்தை அப்பாவிடம் சொன்னேன். ஆமோதிப்பார் என்று நினைத்தேன். ஏன்னா எனக்கு ரஞ்சியைக் காட்டினதே அவர்தான். எழிலகத்தில் எழுத்தராக இருந்தவர். சாப்பாட்டு இடைவேளையில் நடந்தே சேப்பாக்கம் போய் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு ஆபீஸுக்குத் திரும்புவார். 1988 மார்ச்சில் தமிழ்நாடு ரயில்வேஸை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் ஜெயித்துக் கோப்பை வாங்கினபோது என்னைத் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் பத்து வயசு. கேப்டன் வாசுதேவன், இடதுகைச் சுழல். இந்தியாவுக்கு ஆடாதவர். அப்பாவுக்கு அதில் தனிப் பெருமை. "நம்மாளு நமக்கு மட்டும் ஆடினான்" என்பார்.

ஆனால் அப்பா ஆமோதிக்கவில்லை. சிரித்தார்.

"டேய், மெட்ராஸ் லீகே ஆபீஸ் டீமுங்கதான். சிமென்ட் கம்பெனி, பிஸ்டன் கம்பெனி, பேங்க். வெளியூர்ல இருந்து ஆளைக் கூட்டியாந்து வேலை கொடுத்து ஆட வச்சாங்க. திராவிட் இங்க ஆடலையா? இது அதே சிமென்ட் கம்பெனி டீம். என்ன, இப்ப லைட்டு போட்டு ஆடறான்."

அப்போ இதைக் கிழவர் கிண்டல் என்று தள்ளிவிட்டு எழுதப் போய்விட்டேன். அதுதான் தப்பு. அவர் சொன்னது சரித்திரம்.

சென்னையின் கிரிக்கெட் ஒருபோதும் மண்ணின் மைந்தர் கிரிக்கெட்டாக இருந்ததில்லை. அது வேலை கொடுத்த நிறுவனங்களின் கிரிக்கெட். ஜாலி ரோவர்ஸ் என்றால் பின்னால் சன்மார். இந்தியா பிஸ்டன்ஸ் என்ற பெயரிலேயே தொழிற்சாலை இருக்கிறது. ஸ்டேட் பாங்க் அணி இருந்தது. இந்தியா சிமென்ட்ஸ் பல கிளப்புகளைத் தாங்கியது, ராகுல் திராவிட் அந்த நிறுவனத்தின் ஆளாக இங்கே லீக் ஆடினவர். 2008ல் ஐபிஎல் அணியை வாங்கினதும் அதே இந்தியா சிமென்ட்ஸ். ராஞ்சிக்காரர் தோனி பிற்பாடு அந்த நிறுவனத்தில் துணைத் தலைவர் பதவி வாங்கினார். லீகில் சம்பளப் பட்டியலில் சேர்த்து ஆட வைத்த அதே பழக்கம்தான், அளவு மட்டும் ஆயிரம் மடங்கு. அதனால் "வெளியூர் ஆட்டக்காரர்கள், ஆகவே நம்ம அணி இல்லை" என்ற என் வாதம் நிற்காது. அந்த அளவுகோலை வைத்தால் மெட்ராஸ் லீகையே நம்மதில்லை என்று சொல்லவேண்டி வரும்.

சரியான கேள்வி வேறு. வந்தவன் எதை விட்டுவிட்டுப் போகிறான்?

லீகில் வெளியூர் ஆள் வந்தால், அவனுக்குப் பக்கத்தில் ஸ்லிப்பில் நின்ற உள்ளூர்ப் பையன் எதையாவது கற்றுக்கொண்டான். எதிரே பந்து போட்டவனுக்குத் தன் அளவு தெரிந்தது. அது அடுத்த வருஷம் ரஞ்சி அணிக்கு வந்து சேர்ந்தது. இந்தக் கணக்கை வைத்து சிஎஸ்கேயைக் கேட்கலாம். அகாடமி வைத்திருக்கிறார்கள், அது உண்மை. ஆனால் உள்ளூர்ப் பையன் பெரிய அணியில் ஸ்லிப்பில் நிற்கிற இடம் மட்டும் பெரும்பாலும் வேற ஊரில்தான் இருக்கிறது. விமர்சனத்தை இங்கே வைத்திருக்கணும். நான் பிறப்புச் சான்றிதழில் வைத்துவிட்டேன்.

ரஞ்சியைப் பற்றியும் கொஞ்சம்

மற்ற பாதியையும் சொல்லிவிடுகிறேன். ரஞ்சி அணியை நான் கோயில் மாதிரி எழுதியிருந்தேன். அதுவும் நேர்மை இல்லை.

ரஞ்சியின் முதல் ஆட்டமே சேப்பாக்கத்தில்தான், 1934 நவம்பர் 4. மெட்ராஸும் மைசூரும். ஒரே நாளில் முடிந்தது. ராம் சிங் 11 விக்கெட். தொண்ணூறு வருஷத்துக்கு முன்பே அப்படித் தொடங்கின அணி, கோப்பை வாங்கினது எத்தனை தடவை? ரெண்டு. 1954-55, 1987-88. அவ்வளவுதான். 2012 ஜனவரியில் இதே சேப்பாக்கத்தில் ராஜஸ்தானிடம் இறுதி ஆட்டத்தில் கோட்டை விட்டது. 2015ல் கர்நாடகாவுக்கு எதிரே முதல் இன்னிங்ஸில் 134க்குச் சுருண்டது, அப்புறம் கருண் நாயர் 328 அடித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தது. திறமை இல்லாத மாநிலம் இல்லை இது. முக்கியமான நாளில் கைநடுங்குகிற மாநிலம். நானும் அதைப் பார்ப்பதில்லை, பார்க்காதவர்களைத் திட்டுவதோடு சரி.

2024 மார்ச்சில் அரையிறுதி. எதிரே மும்பை. நான் திருவல்லிக்கேணியில் இருந்தேன், போனில் ஓடவிட்டு அப்பாவுக்குக் காட்டினேன். அப்பாவுக்கு அப்போவே மறதி தொடங்கியிருந்தது. காலையில் சாப்பிட்டது மத்தியானம் ஞாபகம் இருக்காது. அம்மா எங்கே என்று கேட்டுவிட்டு, கேட்ட மறுநொடி தானே முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் திரையில் மும்பை என்று பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பம்பாயா? முடிஞ்சது போ."

அப்புறம் 1973ஐச் சொன்னார். சேப்பாக்கத்தில் இறுதி ஆட்டம். பந்து தாறுமாறாகத் திரும்பின ஆடுகளம். பம்பாயை 151க்கும் 113க்கும் மடக்கினோம். நாம எடுத்தது 80, 61. ஷிவால்கர் ரெண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 13 விக்கெட். மூணாவது நாள் காலையில் முதல் பந்திலேயே ஆட்டம் முடிந்தது. "அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தவன் ஒண்ணும் பாக்கல. நான் பாத்தேன், அந்த ஒரு பந்தை." ஸ்கோரை நான் தேடிச் சரிபார்த்தேன். ஒரு எண் கூடப் பிசகவில்லை. அன்றைக்கு மாத்திரை போட்டாரா இல்லையா என்பது மட்டும் எங்க ரெண்டு பேருக்கும் தெரியவில்லை.

அந்த அரையிறுதி மூணு நாளில் முடிந்தது, இன்னிங்ஸ் மற்றும் 70 ரன் தோல்வி. டாஸ் ஜெயித்து முதலில் பேட்டிங் எடுத்ததைப் பயிற்சியாளர் வெளிப்படையாகவே குறை சொன்னார், கேப்டன் சாய் கிஷோர் தலையில் போட்டார். ஏழு சீசன் கழித்து அரையிறுதி வரை கொண்டுவந்த கேப்டன் அவர். வெளியில் உட்கார வைத்த அணியை நான் கேள்வி கேட்டேன். தோற்றதும் கைகாட்டின வீட்டையும் அதே குரலில் கேட்டிருக்கணும்.

சாவி

இனி தோனி. 2021லிருந்து வருஷாவருஷம் நான் சொல்லிவந்தது, அவர் போகணும் என்று. காரணங்களெல்லாம் ஒழுங்காக அடுக்குவேன். முழங்கால், பேட்டிங் வரிசையில் கீழே போய்க்கொண்டே இருப்பது, அடுத்த ஆளுக்கு இடம் கிடைக்காதது. முக்கியமாக, கூட்டம் அணியை விட்டுவிட்டு ஒரு ஆளைப் பார்க்க வருவது. ஜடேஜாவே ஒருதடவை சொன்னார், நான் மேல இறங்கினா எப்போ அவுட் ஆவான்னு காத்துக்கிட்டு இருக்காங்க என்கிற மாதிரி. சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் அது சிரிக்கிற விஷயமா?

2025 மார்ச் 28. சேப்பாக்கத்தில் பெங்களூருவோடு ஆட்டம். எங்க வீடு பெல்ஸ் ரோடு பக்கத்துச் சந்து. அங்கே டிவி பார்ப்பதில் ஒரு தொல்லை உண்டு. டிவியில் பந்து விழுவதற்கு முன்னாடியே மைதானத்துச் சத்தம் ஜன்னல் வழியாக வந்துவிடும். சத்தத்தை வைத்தே என்ன நடந்ததென்று சொல்லிவிடலாம். அன்றைக்கு 197 எடுக்கணும், 99க்குள் ஏழாவது விக்கெட் போகப்போகிறது. திடீரென்று ஜன்னலில் பெரும் கூச்சல். சிக்ஸர் போல என்று நினைத்தேன். சில நொடி கழித்து டிவியில் பார்த்தால் அஸ்வின் அவுட். மேற்கு மாம்பலத்துப் பையன், பத்து வருஷம் கழித்துச் சொந்த ஊர் அணிக்குத் திரும்பி வந்தவன், தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறான். கூச்சல் அவன் அவுட் ஆனதுக்கு இல்லை, தோனி வருவதற்கு. ஆனால் ரெண்டும் ஒரே நொடி. ஒன்பதாவதாக இறங்கி, ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு 16 பந்தில் 30 அடித்தார். 50 ரன்னில் தோல்வி. கூட்டம் திருப்தியாகத்தான் கலைந்தது.

எனக்கு ஆத்திரம். "இதைச் சொல்ல ஒருத்தனும் இல்லையா அந்தாளுகிட்ட? போதும்னு?" என்று கத்தினேன்.

கத்தின பிறகு ஹால் மூலையில் ஆணியைப் பார்த்தேன். அதில் அப்பாவின் டிவிஎஸ் வண்டிச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது.

2023 செப்டம்பரில் அப்பா பாரதி சாலையில் ஒரு ஆட்டோவில் உரசினார். அடி இல்லை. அடுத்த வருஷம் ஒருநாள் மார்க்கெட்டுக்குப் போனவர் வழி தெரியாமல் ராயப்பேட்டையில் நின்றார், தெரிந்த பையன் ஒருத்தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு கூட்டிவந்தான். வண்டியை எடுக்காதீங்க என்று சொல்லணும் என்று மனைவி சொன்னாள், மருத்துவர் சொன்னார், எதிர்வீட்டு அக்கா சொன்னார். நான் ஒவ்வொரு முறையும் ஊருக்கு வந்தேன், சாவியைப் பார்த்தேன், திரும்பிப் போனேன். வண்டிதான் அவருக்கு மிச்சம் இருந்தது. அதை வாங்கிக்கொண்டால் அவர் யார்? ஒன்றரை வருஷம். முன்பின் தெரியாத ஒரு ஆட்டக்காரனைப் போகச் சொல்ல எனக்கு நாலு பத்தி போதுமாக இருந்தது.

அடுத்த வாரம் சாவியை வாங்கினேன். வாங்கினேன் என்பதுகூடப் பொய். அவர் குளிக்கும்போது எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ரெண்டு நாள் தேடினார். மூணாவது நாள் "நீதானே எடுத்த?" என்றார். ஆமாம் என்றேன். "சொல்லிட்டு எடுத்திருக்கலாம்" என்றார்.

தோனி பற்றின என் கருத்து இதனால் மாறிவிடவில்லை. அஸ்வின் அவுட் ஆகும்போது கூச்சல் போடுகிற கூட்டம் தன் ஊர்ப் பையனுக்கு அநியாயம் செய்கிறது, இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் "இதைச் சொல்ல ஏன் ஒருத்தனும் இல்லை" என்ற கேள்விக்கு இப்போ பதில் தெரியும். பிரியம் வைத்தவர்களால் அதைச் சொல்ல முடியாது. சொல்லாமல் எடுக்கத்தான் முடியும், அது இன்னும் மோசம்.

சிவப்புச் சட்டை

மே மாசம் அப்பாவைப் பெங்களூரு கூட்டிவந்துவிட்டோம். திருவல்லிக்கேணி வீட்டை வாடகைக்கு விட்டாச்சு. என் மகளுக்குப் பதினொரு வயசு, இங்கேயே பிறந்தவள், ஆர்சிபி. வீட்டில் இதுவரை ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு, சண்டை சமம். மூணாவது ஓட்டாக அப்பா வந்தார்.

ஜூன் 3, ஆர்சிபி பஞ்சாபை 6 ரன்னில் ஜெயித்து முதல் கோப்பை. பதினெட்டு வருஷக் காத்திருப்பு. அன்றைக்கு ஆடின அணியில் கர்நாடகக்காரர் மயங்க் அகர்வால் ஒருத்தர்தான், அவரும் காயப்பட்ட படிக்கலுக்குப் பதிலாக நடுவில் வந்தவர். என் பழைய வாதப்படி அது பெங்களூரு அணியே இல்லை. மகள் முன்னால் இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் தாத்தாவைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மூடிக்கொண்டேன்.

மறுநாள் சின்னசாமி மைதானத்துக்குப் போகணும் என்று அடம். வேண்டாம் என்றேன், பெரிய தொலைநோக்கெல்லாம் இல்லை, அலுவலக வேலை இருந்தது. சாயங்காலம் செய்தி வந்தது. நெரிசலில் 11 பேர். டிவியை அணைத்தோம். ராத்திரி ரொம்ப நேரம் கழித்து அவள் கேட்டாள்: "அவங்களும் நம்ம டீம்தானே அப்பா?" விளையாடினவர்களைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. செத்தவர்களை.

ஊர் அணி எது என்ற கேள்விக்கு நான் எழுதின எதையும்விட அந்தக் கேள்வி சரியான இடத்தைத் தொட்டது என்று நினைக்கிறேன். அணி ஏலத்தில் வருகிறது, போகிறது. கேலரியில், ரோட்டில், கேட்டுக்கு வெளியே நிற்கிறவர்கள்தான் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு அணி என்ன செய்கிறது, அவர்களுக்கு இடம் இருக்கிறதா, பத்திரமாக வீட்டுக்குப் போகிறார்களா, உள்ளூர்ப் பையனுக்கு அவர்கள் முன்னால் ஆட வாய்ப்பு கிடைக்கிறதா. சிஎஸ்கேயோ, ஆர்சிபியோ, ரஞ்சியோ, இதைத்தான் கேட்கணும். பிறந்த ஊர் எது என்று ஆட்டக்காரனைக் கேட்பதில் பிரயோஜனம் இல்லை. அப்பாவும் இப்போ வெளியூர் ஆள்தான்.

மகள் அவருக்குச் சிவப்புச் சட்டை வாங்கிக்கொடுத்திருக்கிறாள். போட்டுக்கொள்கிறார். "இது எந்த ஆபீஸ் டீம்?" என்று தினம் ஒருதடவை கேட்கிறார். கிண்டலா மறதியா தெரியவில்லை, நாங்கள் கேட்பதும் இல்லை.

இந்த சீசனில் தமிழ்நாடு ரஞ்சி ஆட்டம் எது வசதியாக வருகிறதோ, சேப்பாக்கமோ கோயம்புத்தூரோ, மூணு பேரும் போகிறதாக இருக்கிறோம். டிக்கெட் பிரச்சினை இல்லை. மகளுக்குத்தான் கவலை.

"நாலு நாளும் உக்காரணுமா தாத்தா?"

"சொல்ல முடியாது பாப்பா. காலைல சீக்கிரம் போயிடணும். சில நேரம் ஒரே பந்துல முடிஞ்சிடும்."